பெருநாளன்று ஒரு வீட்டிலும் பட்டினி கூடாது!

ரம்ஜான் மாதம் பிறந்து விட்டால், முஸ்லிம்கள் பகலெல்லாம் உண்ணாமல், பருகாமல் நோன்பு இருக்கிறார்கள். மாதம் முடிந்ததும் பெருநாள் கொண்டாடுகிறார்கள். அந்தப் பெருநாள் தொழுகைக்குப் போகும் முன்னர் ஒரு கடமையைச் செய்து முடிக்க வேண்டும். அது என்ன கடமை?

அதைத் தெரிந்து கொள்ள, நோன்பின் முதல் நாளில் இருந்து தொடங்க வேண்டும்.

அதிகாலை 3 மணி!

ஊர் அடங்கிக் கிடக்கிறது. தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை.

"டப்... டப்... டப்..."

தெருக்கோடியில் ஓர் ஓசை. கையில் தாயிராவைத் தட்டியபடி ஒருவர் பாடிக் கொண்டு வருகிறார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் சற்று நிற்கிறார். உள்ளே விளக்கு எரிந்ததும் அடுத்த வீட்டுக்கு நகர்கிறார்.

தாயிரா என்பது வட்டமான சிறிய தோல் கருவி. அதைத் தட்டிப் பாடி, உறங்குகிறவர்களை எழுப்புவது பக்கீர்களின் வழக்கம். இவர்களை "சஹர் பாவா" என்று அழைப்பார்கள்.

சஹர் என்றால் விடியலுக்கு முந்திய நேரம். அந்த நேரத்தில் உண்ணும் சாப்பாட்டுக்கும் சஹர் என்றே பெயர்.

சஹர் பாவா அன்றாடம் கூலி கேட்பது இல்லை. மாதம் முழுவதும் எழுப்புவார். பெருநாளன்று வீடு வீடாக வருவார். மக்கள் மனம் உவந்து கொடுப்பதைப் பெற்றுக் கொள்வார்.

இப்போது வீட்டுக்கு வீடு செல்போன் இருக்கிறது. அதுவே மணி அடித்து எழுப்புகிறது. பள்ளிவாசல் ஒலிபெருக்கியும் இருக்கிறது. அதனால் சஹர் பாவாக்கள் குறைந்து விட்டார்கள். ஆனாலும் சில ஊர்களில் தாயிரா ஓசை இன்னும் கேட்கத்தான் செய்கிறது.

எல்லாருக்கும் முன்னால் எழுந்திருப்பவள் வீட்டுத் தலைவி. அடுப்பைப் பற்ற வைப்பாள். சோறு சூடாக இருக்க வேண்டும். குழம்பு இருக்கும். ரசம் இருக்கும். கடைசியில் தயிர் ஊற்றி, வாழைப்பழம் பிசைந்து சாப்பிடுகிற பழக்கம் பல வீடுகளில் உண்டு. பகலில் தாகம் எடுக்காமல் இருக்கும் என்பார்கள்.

சாப்பிட்டு முடித்ததும், "இன்று நோன்பு இருக்கிறேன்" என்று மனத்தில் உறுதி செய்து கொள்ள வேண்டும். இதற்கு "நிய்யத்" என்று பெயர்.

கிழக்கு வெளுக்கத் தொடங்கும். பள்ளிவாசலில் பாங்கு ஒலிக்கும். அவ்வளவுதான்! அதற்குப் பிறகு சூரியன் மறையும் வரை ஒரு பருக்கை சோறு கிடையாது. ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது.

வயிறு மட்டுமா நோன்பு?

இஸ்லாத்தின் கடமைகள் ஐந்து. கலிமா, தொழுகை, நோன்பு, ஜகாத், ஹஜ் என்பவையே அவை. ஹஜ் என்பது, வசதி உள்ளவர்கள் வாழ்நாளில் ஒரு முறை மக்காவுக்குப் போகும் பயணம்.

நபிகள் நாயகம் மக்காவில் இருந்து மதீனாவுக்குக் குடிபெயர்ந்தது கி.பி. 622-ஆம் ஆண்டு. அதற்கு இரண்டாவது ஆண்டில் ரம்ஜான் நோன்பு கடமை ஆக்கப்பட்டது.

ஏன் ரம்ஜான் மாதம்? திருக்குர்ஆன் முதன் முதலில் அருளப்பட்டது இந்த மாதத்தில்தான் என்பது முஸ்லிம்களின் நம்பிக்கை.

நோன்பு என்பது வயிற்றுக்கு மட்டும் அல்ல. கண்ணுக்கும் உண்டு. காதுக்கும் உண்டு. முக்கியமாக, நாக்குக்கு உண்டு! பொய் சொல்லக் கூடாது. புறம் பேசக் கூடாது. சண்டை போடக் கூடாது. யாராவது வலுச் சண்டைக்கு வந்தால், "நான் நோன்பாளி" என்று சொல்லி ஒதுங்கிக் கொள்ள வேண்டும். பொய்யை விடாதவன் சோற்றை விட்டு என்ன பயன் என்பது நபிகள் நாயகத்தின் போதனை.

யார் யாருக்கு விலக்கு?

நோன்பு யாரையும் வதைப்பதற்கு அல்ல. நோயாளிகளுக்கு விலக்கு உண்டு. பயணம் செய்பவர்களுக்கு விலக்கு உண்டு. கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், மாதவிலக்கான பெண்கள் ஆகியோருக்கும் விலக்கு உண்டு. விட்ட நோன்பைப் பிறகு வேறு நாட்களில் நோற்றுக் கொள்ளலாம்.

தள்ளாத முதியவர்கள் என்ன செய்வார்கள்? தீராத நோய் உள்ளவர்கள் என்ன செய்வார்கள்? அவர்களால் பிறகும் நோற்க முடியாது. அவர்களுக்கு ஒரு வழி சொல்லப்பட்டு இருக்கிறது. விட்ட ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்கு உணவு கொடுக்க வேண்டும்.

தன் பசிக்குப் பதில், பிறர் பசியைத் தீர்ப்பது! இதை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். நோன்பு மாதத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கடைசியில் இந்த இடத்துக்குத்தான் வந்து சேர வேண்டி இருக்கும்.

கோடையிலும் வரும்! குளிரிலும் வரும்!

ரம்ஜான் ஏன் ஒவ்வோர் ஆண்டும் வேறு வேறு தேதியில் வருகிறது?

முஸ்லிம்களின் மாதம் பிறையைப் பார்த்துப் பிறக்கிறது. ஒரு மாதத்துக்கு 29 நாள் அல்லது 30 நாள். பன்னிரண்டு மாதமும் சேர்ந்தால் 354 நாள் அல்லது 355 நாள்தான். ஆங்கில ஆண்டை விட 10 அல்லது 11 நாள் குறைவு. அதனால் ரம்ஜான் ஆண்டுதோறும் அத்தனை நாள் முன்னால் நகர்கிறது.

2017-ஆம் ஆண்டு மே மாதக் கடைசியில், கத்திரி வெயிலை ஒட்டித் தொடங்கியது. 2025-ஆம் ஆண்டு மார்ச் தொடக்கத்திலேயே வந்து விட்டது. இப்படியே முன்னால் நகர்ந்து நகர்ந்து, சுமார் 33 ஆண்டுகளில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி விடும். 2030-ஆம் ஆண்டில் ஒரு வேடிக்கை நடக்கும். ஜனவரியில் ஒரு ரம்ஜான் பிறக்கும். அதே ஆண்டு டிசம்பரில் இன்னொரு ரம்ஜான் பிறக்கும்!

தமிழ்நாட்டில் பகல் பொழுது மார்கழியில் குறைவு. அப்போது நோன்பு நேரம் சுமார் 12½ மணி. கோடையில் அது 14 மணிக்கும் மேல். பகல் மிக நீண்ட வடக்கு நாடுகளில் 18 மணி நேரம் கூடப் போகும்.

சித்திரை வெயிலில் மூட்டை தூக்குகிற தொழிலாளியை நினைத்துப் பாருங்கள். மீன் ஏலக் கடையில் நிற்பவரை நினைத்துப் பாருங்கள். தோல் பதனிடும் கொட்டகையில் வேலை செய்பவரை நினைத்துப் பாருங்கள். நாக்கு வறளும். கண் இருட்டும். பக்கத்திலேயே குழாயில் தண்ணீர் ஓடும். கையை நீட்டினால் போதும். ஆனால் நீட்ட மாட்டார்கள்.

வாட்ச்மேன் இல்லாத காவல்!

பருவம் அடையாத சிறுவர்களுக்கு நோன்பு கடமை இல்லை. ஆனாலும் வீட்டில் எல்லாரும் நோன்பு இருக்கும்போது பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? "நானும் நோன்பு பிடிப்பேன்" என்று அடம் பிடிப்பார்கள்.

"மத்தியானம் வரைக்கும் இரு. அரை நோன்பு. நாளைக்கு ஓர் அரை நோன்பு. இரண்டும் சேர்ந்து ஒன்று!" என்று பெரியவர்கள் சமாதானம் சொல்வார்கள். சின்னப் பிள்ளை அதை நம்பி விடும். எட்டு, ஒன்பது வயசுப் பிள்ளை நம்பாது.

முழு நோன்பு இருக்கும் முதல் நாள் ஒரு பையனுக்கு மறக்க முடியாத நாள். காலையில் உற்சாகமாக ஓடுவான். பகல் 12 மணிக்கு நடப்பான். 3 மணிக்குச் சுருண்டு படுத்து விடுவான்.

"அம்மா, இன்னும் எத்தனை மணி நேரம்?"

"இதோ ஆச்சுப்பா. அத்தா கடையில் இருந்து வந்ததும் கஞ்சி வாங்கப் போகலாம்."

தகப்பனாரைச் சில ஊர்களில் அத்தா என்பார்கள். சில ஊர்களில் வாப்பா என்பார்கள்.

அம்மா அடுப்படிக்குப் போய் விடுவாள். கூடத்தில் தண்ணீர்ப் பானை இருக்கும். பக்கத்தில் டம்ளர் இருக்கும். பையன் அதைப் பார்ப்பான். வீட்டில் வேறு யாரும் இல்லை. ஒரு மடக்குக் குடித்தால் யாருக்குத் தெரியும்?

குடிக்க மாட்டான்!

மனிதர் பார்க்காவிட்டாலும் இறைவன் பார்க்கிறான் என்று அவனுக்குச் சொல்லி இருக்கிறார்கள். கதவு சாத்திய அறையிலும் கை சுத்தமாக இருக்க வேண்டும் என்ற பாடம் அந்தப் பானைக்கு முன்னால்தான் தொடங்குகிறது. பிற்காலத்தில் அவன் கல்லாப் பெட்டியில் உட்காரலாம். அரசாங்க உத்தியோகம் பார்க்கலாம். அப்போதும் அந்தப் பாடம் அவனுக்கு வேண்டும்.

அன்று அந்தியில் அவனுக்கு ராஜ மரியாதை! பாட்டி நெற்றியில் முத்தம் கொடுப்பாள். மாமா கையில் காசு வைப்பார்.

நோன்புக் கஞ்சி

தமிழ்நாட்டு ரம்ஜானுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. அதுதான் நோன்புக் கஞ்சி!

பகல் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் பின்புறத்தில் விறகு அடுப்பு மூட்டுவார்கள். பெரிய பாத்திரம் ஏறும். பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம் வேகும். சின்ன வெங்காயம், இஞ்சி, பூண்டு, பட்டை, கிராம்பு, தக்காளி, பச்சை மிளகாய் சேரும். சில நாட்களில் கொத்திய இறைச்சியும் உண்டு. புதினாவும் மல்லித்தழையும் போடுவார்கள். கடைசியில் தேங்காய்ப் பால் ஊற்றி இறக்குவார்கள். மணம் தெருமுனை வரை வீசும்.

இதைக் காய்ச்சுகிறவரும் நோன்பாளிதான். வாயில் போட்டு ருசி பார்க்க முடியாது. உப்பும் உறைப்பும் கைக்கணக்குத்தான். ஆனாலும் தப்பாது!

நாள் முழுவதும் காய்ந்த வயிற்றுக்குத் திடீரென்று கனமான உணவு ஆகாது. குழைந்த அரிசியும் பருப்பும் இதமாக இருக்கும். வெந்தயம் குளிர்ச்சி. இஞ்சியும் பூண்டும் சீரணத்துக்கு நல்லது என்பது பெரியவர்கள் கண்ட அனுபவம்.

ஒவ்வொரு நாள் கஞ்சிச் செலவையும் ஊரில் ஒருவர் ஏற்றுக் கொள்வார். முடியாதவர்கள் தேங்காய் கொடுப்பார்கள். விறகு கொடுப்பார்கள். 2001-ஆம் ஆண்டு முதல் தமிழக அரசு பள்ளிவாசல்களுக்கு நோன்புக் கஞ்சிக்காகப் பச்சரிசி வழங்கி வருகிறது.

மாலை 4 மணிக்கு மேல் பள்ளிவாசல் முன்னால் கூட்டம் கூடும். கையில் தூக்குவாளிகள்! வரிசையில் எல்லாரும் முஸ்லிம்கள் அல்ல. பக்கத்துத் தெரு இந்துப் பிள்ளை நிற்பான். கிறிஸ்தவ வீட்டுப் பெண் நிற்பாள். "நீ யார்?" என்று யாரும் கேட்பது இல்லை. அகப்பை நிறையக் கஞ்சி விழும்.

நோன்பு இல்லாதவருக்கும் நோன்புக் கஞ்சி உண்டு!

ஒரு பேரீச்சம்பழம்... ஒரு மடக்குத் தண்ணீர்...

சூரியன் சாய்கிறது. பள்ளிவாசலில் வரிசையாகப் பாய் விரித்து இருக்கிறார்கள். முதலாளியும் தொழிலாளியும் அருகருகே உட்காருகிறார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு கோப்பைக் கஞ்சி. ஒரு வடை. இரண்டு பேரீச்சம்பழம்.

உணவு எதிரே இருக்கிறது. வயிறு எரிகிறது. ஆனால் ஒரு கை கூட நீளவில்லை. எல்லாக் கண்களும் கடிகாரத்தைப் பார்க்கின்றன.

முன்பெல்லாம் பள்ளிவாசல்களில் நகரா முழங்கும். நகரா என்பது பெரிய முரசு. இப்போது பல ஊர்களில் சங்கு ஊதுகிறார்கள்.

பாங்கு ஒலிக்கிறது! பேரீச்சம்பழம் வாய்க்குப் போகிறது. பிறகு தண்ணீர். அந்த முதல் மடக்கின் ருசி, நோன்பு இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

நோன்பு திறந்து, அந்தித் தொழுகை முடிந்து வெளியே வந்தால், வாசலில் தாய்மார்கள் குழந்தைகளுடன் நிற்பார்கள். பல ஊர்களில் அவர்களில் பாதிப் பேர் இந்துப் பெண்கள். குழந்தைக்குக் காய்ச்சல், பயம் என்று அழைத்து வந்து இருப்பார்கள். தொழுது விட்டு வருகிறவர்கள் பிரார்த்தனை ஓதி, குழந்தையின் மீது ஊதி விட்டுப் போவார்கள்.

மயிலாப்பூரில் சமையல்! திருவல்லிக்கேணியில் பந்தி!

சென்னை திருவல்லிக்கேணியில் வாலாஜா பள்ளிவாசல் இருக்கிறது. பெரிய பள்ளிவாசல் என்று சொல்வார்கள். ஆற்காடு நவாப் குடும்பத்தார் 1795-ஆம் ஆண்டு கட்டியது.

ரம்ஜான் மாதத்தில் இங்கே மாலையில் வந்தால் ஒரு காட்சியைப் பார்க்கலாம். சிலர் ஓடி ஓடி உணவு பரிமாறுவார்கள். தட்டு வைப்பார்கள். தண்ணீர் ஊற்றுவார்கள். தலையில் தொப்பி இருக்கும். ஆனால் அவர்கள் முஸ்லிம்கள் அல்ல. சிந்தி இந்துக்கள்!

1947-ஆம் ஆண்டு நாடு இரண்டாகப் பிரிந்தது. சிந்து மாநிலம் பாகிஸ்தானுக்குப் போயிற்று. அங்கே இருந்த இந்துக்கள் வீடு வாசலை விட்டு அகதிகளாக வந்தார்கள். அப்படி வந்தவர்களில் ஒருவர் தாதா ரத்தன்சந்த். மயிலாப்பூரில் "சூபிதார்" என்ற ஆன்மிக அமைப்பை அவர் ஏற்படுத்தினார்.

பெரிய பள்ளிவாசலில் நோன்பு திறப்பவர்களுக்கு உணவு கொடுக்கும் பணியை அவரது வழி வந்த தொண்டர்கள் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் செய்து வருகிறார்கள். மயிலாப்பூரில் காலையிலேயே அடுப்பு மூட்டுவார்கள். மாலையில் வண்டியில் ஏற்றி வருவார்கள். தங்கள் கையாலேயே பரிமாறுவார்கள்.

மதத்தின் பெயரால் வீட்டை இழந்து வந்தவர்கள் அவர்கள். அடுத்த மதத்தாரின் பசி தீர்க்கிறார்கள்!

இரவுத் தொழுகை

நோன்பு மாதத்தில் இரவிலும் ஓய்வு குறைவு. இரவுத் தொழுகைக்குப் பிறகு "தராவீஹ்" என்ற சிறப்புத் தொழுகை உண்டு. பெரும்பாலான பள்ளிவாசல்களில் 20 ரக்அத் தொழுவார்கள். நின்று, குனிந்து, நெற்றியைத் தரையில் வைத்து வணங்குவது ஒரு ரக்அத்.

குர்ஆனில் 114 அத்தியாயங்கள் உள்ளன. முழுவதையும் மனப்பாடம் செய்தவரை "ஹாபிஸ்" என்பார்கள். அவர் முன்னால் நின்று, ஒவ்வோர் இரவும் ஒரு பகுதியாக ஓதிக் கொண்டு வருவார். பல பள்ளிவாசல்களில் 27-ஆம் இரவன்று முழுக் குர்ஆனும் ஓதி முடியும்.

கடைசிப் பத்து நாட்களில் சிலர் பள்ளிவாசலிலேயே தங்கி விடுவார்கள். அந்தப் பத்து இரவுகளில் ஒன்று "லைலத்துல் கத்ர்". ஆயிரம் மாதங்களை விடச் சிறந்த இரவு என்று குர்ஆன் கூறுகிறது. ஆயிரம் மாதம் என்றால் 83 ஆண்டுக்கும் மேல்! ஒரு மனிதனின் முழு ஆயுள்! அது எந்த இரவு என்று உறுதியாகச் சொல்லப்படவில்லை. ஆனாலும் 27-ஆம் இரவை மக்கள் சிறப்பாகக் கருதுகிறார்கள்.

நூற்றுக்கு இரண்டரை!

இந்த மாதத்தில்தான் பலர் ஜகாத் கொடுக்கிறார்கள். பொன், பணம், வியாபாரச் சரக்கு குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஓர் ஆண்டு கையில் இருந்தால், அதில் நூற்றுக்கு இரண்டரை பங்கை ஏழை எளியவர்களுக்குக் கொடுத்து விட வேண்டும். 1 லட்சம் ரூபாய் இருந்தால் 2,500 ரூபாய்.

இது பிச்சை அல்ல. தருமம் கூட அல்ல. பணக்காரரிடம் இருக்கும் ஏழையின் பங்கு! கடனில் மூழ்கியவருக்கும் இதில் உரிமை உண்டு. வழிப்போக்கருக்கும் உண்டு.

ஜகாத் வசதி படைத்தவர்களுக்கு மட்டும். இன்னொரு கடமை இருக்கிறது. அது சாதாரணக் குடும்பத்துக்கும் உண்டு. பெருநாள் தொழுகைக்கு முன்னால் முடிக்க வேண்டிய கடமை அதுதான்.

பிறை தெரிந்தது!

நோன்பு 29 முடிகிறது. அந்தியில் ஊரே மேற்குப் பக்கம் பார்க்கிறது. மாடியில் பெண்கள். கடற்கரையில் ஆண்கள். பிள்ளைகள் ஒருவர் தோள் மீது ஒருவர்.

நகக்கீற்றுப் போன்ற பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள். மேகம் மறைத்தால் இன்னும் ஒரு நோன்பு. 30 முடித்து விட்டுப் பெருநாள். தமிழ்நாட்டில் பிறை பார்த்த தகவலைத் தலைமை காஜி அறிவிப்பார்.

"பிறை தெரிந்து விட்டது!"

ஊரே கலகலப்பாகி விடும். தையல் கடையில் விடிய விடிய இயந்திரம் ஓடும். வளையல் கடையில் கால் வைக்க இடம் இருக்காது. பெண்கள் மருதாணி வைத்துக் கொள்வார்கள்.

இதே இரவில், ஆரவாரம் இல்லாமல் இன்னொரு வேலையும் நடக்கும்.

அரிசி மூட்டை

வீட்டுத் தலைவர் விரல் விட்டு எண்ணுவார். தான், மனைவி, தாய், மூன்று பிள்ளைகள். ஆக 6 பேர். தலைக்குச் சுமார் 2½ கிலோ அரிசி. மொத்தம் 15 கிலோ.

அதை ஏழை வீட்டுக்குக் கொடுத்து அனுப்புவார்.

இதற்குப் பெயர் "பித்ரா". தன் பொறுப்பில் உள்ள ஒவ்வொருவருக்காகவும் கொடுக்க வேண்டும். தொட்டிலில் கிடக்கும் கைக்குழந்தைக்கும் கணக்கு உண்டு! நோன்பு இருக்காத குழந்தைக்கு ஏன்? அந்தக் குழந்தையின் பெயராலும் ஓர் ஏழை வீட்டில் உலை கொதிக்கட்டும் என்பதற்காக!

அளவு சட்டப் பிரிவுக்குத் தக்கபடி சற்று மாறும். அரிசியாகவும் கொடுப்பார்கள். பணமாகவும் கொடுப்பார்கள். பல ஊர்களில் ஜமாஅத்தார் மொத்தமாகத் திரட்டிப் பகிர்ந்து கொடுப்பார்கள்.

பெருநாள் தொழுகைக்கு முன்னால் கொடுத்து விட வேண்டும். பிறகு கொடுத்தால் அது வெறும் தருமமாகத்தான் சேரும்.

ஏன் இந்தக் கட்டாயம்? தொழுது விட்டு வந்து பிரியாணி சாப்பிடும் நேரத்தில், அடுத்த தெருவில் ஒரு வீட்டில் அடுப்பு எரியாமல் இருக்கக் கூடாது! பெருநாளன்று ஒருவர் கூடக் கையேந்தி நிற்கக் கூடாது! நோன்பில் நேர்ந்து விட்ட சிறு தவறுகளுக்கும் இதுவே பரிகாரம்.

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடலோர ஊர்களில் ஷாபி சட்டப் பிரிவினர் அதிகம். அவர்கள் சட்டத்தில் இன்னும் ஒரு நுட்பம் உண்டு. பெருநாள் ஒரு பகலுக்கும் ஓர் இரவுக்கும் போக ஒருவர் வீட்டில் உணவு மிச்சம் இருந்தால், அவரும் பித்ரா கொடுக்க வேண்டும்.

அதாவது, பித்ரா வாங்கிய ஏழையும் பித்ரா கொடுக்க நேரலாம்! மூன்று வீட்டில் இருந்து அரிசி வந்தது. தன் வீட்டுக்கு அது மிஞ்சும். உடனே அளந்து, தன்னை விட ஏழையான இன்னொரு வீட்டுக்கு அவர் அனுப்புவார். நேற்று வரை வாங்கிய கை, இன்று கொடுத்த கை ஆகி விடுகிறது. பெருநாளன்று அவரும் தலை நிமிர்ந்து தொழப் போவார்.

தமிழில் இந்தப் பெருநாளுக்கு "ஈகைத் திருநாள்" என்று பெயர் வந்தது இதனால்தான்.

பெருநாள்

விடிந்ததும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பார்கள். புத்தாடை உடுத்துவார்கள். அத்தர் பூசிக் கொள்வார்கள். ஏதாவது இனிப்புச் சாப்பிட்டு விட்டுத்தான் தொழப் போக வேண்டும். இன்று நோன்பு இருப்பது கூடாது! ஒரு மாதம் "சாப்பிடாதே" என்ற மார்க்கம், இன்று "சாப்பிடு" என்கிறது.

பெருநாள் தொழுகைக்குப் பாங்கு இல்லை. தக்பீர் முழங்க எல்லாரும் திடலுக்குப் போவார்கள். இரண்டு ரக்அத் தொழுகை. பிறகு பிரசங்கம். ஒரு வழியாகப் போனால், வேறு வழியாகத் திரும்புவது நபிகள் நாயகத்தின் வழக்கம். இரண்டு தெரு மக்களையும் பார்த்து வாழ்த்துச் சொல்லலாம் அல்லவா?

தொழுகை முடிந்ததும் ஒருவரை ஒருவர் கட்டித் தழுவுவார்கள். ஆண்டு முழுதும் பேசாமல் இருந்த அண்ணனும் தம்பியும் கூட அன்று தோளோடு தோள் சேர்வது உண்டு.

சிலர் அடக்கத்தலத்துக்குப் போய், மறைந்த பெற்றோருக்காகப் பிரார்த்தனை செய்து விட்டு வீடு திரும்புவார்கள்.

வீட்டில் ஊருக்கு ஒரு விருந்து. ஓரிடத்தில் இடியாப்பமும் கறியும். ஓரிடத்தில் நெய்ச்சோறு. கடலோர ஊர்களில் முட்டையும் தேங்காய்ப் பாலும் சேர்த்து அவித்த வட்டலப்பம். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் சீரகச் சம்பா பிரியாணி. சேமியாப் பாயசம் எங்கும் உண்டு. பிள்ளைகளுக்குப் பெருநாள் காசு! பக்கத்து வீட்டு இந்து நண்பருக்கு அடுக்குப் பாத்திரத்தில் சாப்பாடு!

திடல் வெறிச்சோடிய ஆண்டு

2020-ஆம் ஆண்டு கொரோனா வந்தது. ஏப்ரல் கடைசியில் ரம்ஜான் பிறந்தது. ஊரடங்கு! பள்ளிவாசல்கள் மூடிக் கிடந்தன. கஞ்சி அடுப்பு எரியவில்லை. அரசு கொடுத்த பச்சரிசியைத் தொண்டர்கள் வீடுகளுக்கே கொண்டு போய்க் கொடுத்தார்கள். தராவீஹ் வீட்டிலேயே நடந்தது.

மே மாதம் 25-ந் தேதி பெருநாள். திடலில் தொழுகை இல்லை. தழுவல் இல்லை. கடைவீதி இல்லை. பல பிள்ளைகளுக்குப் புதுச்சட்டை கூட இல்லை.

ஆனால் ஒன்று நிற்கவில்லை. பித்ரா!

வேலை இழந்து, கூலி இழந்து, அடுப்பு அணைந்த வீடுகள் அந்த ஆண்டு அதிகம். அந்த வீடுகளுக்கு அரிசி போயிற்று. முகக்கவசம் அணிந்தவர்கள் வாசலில் பையை வைத்து விட்டு, கதவைத் தட்டி விட்டு விலகி நின்றார்கள்.

எல்லாக் கொண்டாட்டமும் நின்று போன ஆண்டில், பெருநாளுக்கு எது முக்கியம் என்பது தெரிந்தது. புதுத்துணி இல்லாமல் பெருநாள் வரலாம். பிரியாணி இல்லாமல் வரலாம். அடுத்த வீட்டு உலையில் அரிசி இல்லாமல் பெருநாள் வரக் கூடாது!

ஒரு மாதம் பசித்து இருந்தவர்களுக்கு அது தெரியும்.